கிளச்சின் கதை

மோட்டார் வண்டியைச் செலுத்துபவரின் வலது கால் வண்டியின் வேகத்தையும் தடையையும் ஆளுகின்றது. இடது காலுக்கோ ஒரே ஒரு வேலைதான் உண்டு. கிளச்சு மிதியை அழுத்துவதும் மெல்ல விடுவதுமே அவ்வேலை. வண்டி நல்ல நிலையில் உள்ளபோது அந்தக் கால் செய்வதை மனம் கவனிப்பதே இல்லை. ஆனால் முப்பது, நாற்பது ஆண்டு பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் என்றோ ஒரு நாள் அம்மிதி வழக்கம்போல வழுக்கிச் செல்லாமல், மணலின் மேற் பலகையை இழுப்பதுபோலச் சொரசொரவென்று நகரத் தொடங்கும். அப்போது இடது காலுக்கு மனத்தின் கவனம் முழுவதும் கிடைத்துவிடுகின்றது. எங்கே பழுது? மிதியிலா, கம்பியிலா, எண்ணெய்க் குழாயிலா, கண்ணுக்குப் புலப்படாத கிளச்சுக் கூட்டுக்குள்ளேயா? இக்கேள்விக்கு விடை கூற விரும்புபவர் கிளச்சின் வரலாற்றைச் சிறிதேனும் அறிந்திருத்தல் வேண்டும். ஏனெனில் கிளச்சில் ஒரு குற்றம் திருத்தப்பட்ட ஒவ்வொரு முறையும் அக்குற்றம் முற்றாக அழிந்துவிடவில்லை. வேறோர் இடத்துக்குக் குடிபெயர்ந்தது. அக்குடிபெயர்ச்சியே கிளச்சின் வரலாறு.

கிளச்சு எதற்காக வேண்டும் என்பதை முதலில் நோக்குவோம். நீராவி யந்திரத்துக்கு அது இன்றியமையாததன்று. நீராவியானது நின்ற நிலையிலுள்ள பிஸ்டனையும் முழுப் பலத்தோடு தள்ளவல்லது. பெற்றோல் யந்திரமோ ஓடிக்கொண்டிருந்தால்தான் வலிமை தரும். நின்றுவிட்டால் அதற்குச் சிறிதளவு வலிமையும் இல்லை. வண்டியோ நின்ற நிலையிலிருந்தே புறப்படவேண்டும். ஓடும் யந்திரத்தையும் நிற்கும் சில்லுகளையும் ஒரு நொடியில் இறுகப் பிணைத்தால் யந்திரம் நின்றுவிடும், அல்லது வண்டி துள்ளிக் குதிக்கும். ஆகவே ஓடுவதையும் நிற்பதையும் மெல்ல மெல்ல உறவாக்கும் ஓர் இடைத்தரகர் தேவையாயிற்று. அந்தத் தரகரே கிளச்சு.

ஜேர்மனியரான கார்ல் பென்ஸ் 1886 ஆம் ஆண்டிலே காப்புரிமை பெற்ற மூன்று சில்லு வண்டியில் இவ்வேலையை ஒரு தோற்பட்டி செய்தது. ஆலைகளிலே யந்திரங்களை ஓட்டியும் நிறுத்தியும் வந்த முறையே அது. அருகருகே இரண்டு கப்பிகள் இருக்கும். ஒன்று தண்டோடு பிணைந்தது; மற்றையது வெறுமனே சுழல்வது. பட்டியை ஒன்றிலிருந்து மற்றதற்குத் தள்ளினால் வண்டி ஓடும் அல்லது நிற்கும். எளிமையான ஏற்பாடுதான். ஆயினும் மழையில் நனைந்தால் பட்டி வழுக்கும். நாட்பட்டால் நீண்டு தளரும். வலிமை மிகுந்த யந்திரங்கள் வந்தபோது பட்டி அவற்றுக்கு ஈடுகொடுக்கவில்லை.

1891 ஆம் ஆண்டளவில் பிரான்சு நாட்டில் எமில் லெவாசோர் என்பவர் பானார் எ லெவாசோர் வண்டிகளுக்கு ஒரு புதிய ஒழுங்கைக் கொடுத்தார். முன்னே யந்திரம், அதன் பின்னே கிளச்சு, அதற்கும் பின்னே பற்சில்லுப் பெட்டி, கடைசியில் உந்தப்படும் பின்சில்லுகள் என்பதே அவ்வொழுங்கு. பல தலைமுறைகளுக்கு மோட்டார் வண்டியின் உடலமைப்பு இதுவேயாயிற்று. அக்காலத்துக் கிளச்சு கூம்பு வடிவினது. யந்திரத்தின் பின்னே சுழலும் கனத்த பறப்புச்சில்லின் உட்புறம் கிண்ணம்போலக் குடையப்பட்டிருக்கும். அதனுள்ளே தோல் போர்த்த ஒரு கூம்பை வலிய வில் ஒன்று அழுத்திக்கொண்டிருக்கும். மிதியை அழுத்தினால் கூம்பு பின்வாங்கும். விட்டால் கிண்ணத்தினுள் ஆப்புப்போல இறுகும்.

கூம்புக் கிளச்சின் தோலானது செல்லப்பிள்ளையைப்போன்றது. காய்ந்துபோனால் வெடுக்கென்று பற்றி வண்டியைத் துள்ளவைக்கும். எண்ணெய் ஊறினால் பற்றாமல் வழுக்கும். ஆகவே அக்காலத்துச் சாரதிகள் இருவகை மருந்து வைத்திருந்தனர். காய்ந்த தோலுக்கு எண்ணெய் பூசினர். வழுக்கும் தோலுக்கு எண்ணெயை உறிஞ்சும் களிமண் தூளைத் தூவினர். கூம்பு கனமானதாகையால், மிதியை அழுத்தியபின்பும் அது நெடுநேரம் சுழன்றுகொண்டேயிருக்கும். பற்சில்லுகளை மாற்ற முயன்றால் அவை ஒன்றோடொன்று கறகறவென உரசும். சாரதியின் காலுக்கு அன்று தெரிந்த முரட்டுத்தனம் தோலின் முரட்டுத்தனமே.

இக்குறையை நீக்க முற்பட்டவர்களுள் ஆங்கிலப் பொறியியலறிஞர் ஹென்றி செல்பி ஹீல்-ஷா குறிப்பிடத்தக்கவர். லிவர்பூலிலே பேராசிரியராக விளங்கிய இவர், ஒரு பெரிய கூம்புக்குப் பதிலாகப் பல மெல்லிய உலோகத் தட்டுகளை அடுக்கி எண்ணெயிலே மூழ்கவைத்தார். அத்தட்டுகளில் வளையமாக ஓடும் பள்ளங்கள் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தின. பரப்பு மிகுந்தமையால் வேகமின்றி மென்மையாகப் பற்றியது இக்கிளச்சு. தோலின் வெடுக்குக் குணம் ஒழிந்தது. ஆனால் வேறொரு குணம் வந்து புகுந்தது. குளிர்காலக் காலையில் எண்ணெய் தடித்துப்போனால், மிதியை அடிவரை அழுத்தினாலும் எண்ணெயிலே மூழ்கிய தட்டுகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிய மறுத்தன. பற்றாமை ஒரு குற்றம் என்றால் விடாமையும் ஒரு குற்றமன்றோ?

எண்ணெயும் வேண்டாம், தோலும் வேண்டாம், உலர்ந்த ஒற்றைத்தட்டே போதும் என்ற முடிவுக்கு உலகம் வரவேண்டுமாயின், வெப்பத்தைத் தாங்கி உராயவல்ல ஒரு பொருள் தேவைப்பட்டது. அதைத் தந்தவர்களுள் முதன்மையானவர் இங்கிலாந்தின் டார்பிஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த ஹேர்பேர்ட் புரூட். மலைச்சரிவான அவ்வூர்ப் பாதைகளில் இறங்கும் குதிரை வண்டிகளின் தடைக்கட்டைகளில், வண்டிக்காரர்கள் பழஞ்சப்பாத்துத் துண்டுகளை வைத்து உராய்வைக் கூட்டியதை அவர் கண்டார் என்று கூறப்படுகின்றது. அதிலிருந்து பிறந்த ஆராய்ச்சியின் பயனாக 1897 ஆம் ஆண்டில் அவர் தொழில் தொடங்கினார். அவருடைய பெயரின் எழுத்துக்களை மாற்றியடுக்கி, ஓர் எழுத்தையும் கூட்டி அமைத்த பெயரே பெரோடோ என்பது. முதலில் பருத்தி நெசவையும் பிசினையும் சேர்த்துச் செய்தார். 1908 ஆம் ஆண்டில் கல்நார் அதனுள் வந்து சேர்ந்தது. எரியாத நார், நூலாக நூற்கக்கூடிய கல் என்று போற்றப்பட்ட அப்பொருள் கிளச்சுக்கும் தடைக்கும் வரப்பிரசாதமாகத் தோன்றிற்று. அவ்வரத்தின் விலையைப் பின்னர்க் காண்போம்.

கல்நார் போர்த்த ஒற்றைத்தட்டு உலர் கிளச்சு 1920 ஆம் ஆண்டுகளில் எங்கும் பரவியது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து மொலின் நகரில் தோன்றிய போர்க் அன்ட் பெக் என்னும் பெயர், பின்னர் இங்கிலாந்தின் லெமிங்ரன் ஸ்பா நகரிலிருந்து வெளிவந்த கிளச்சுகள் மூலம் பிரித்தானிய வண்டிகள் பலவற்றிலும் இடம்பெற்றது. இதன் அமைப்பை ஒரு சப்பாத்திக்கு ஒப்பிடலாம். இரண்டு கனத்த இரும்புத் தட்டுகளுக்கு நடுவே அகப்பட்ட மெல்லிய சப்பாத்தி அது. ஒரு தட்டு பறப்புச்சில்லு, மற்றையது அழுத்தத்தட்டு. அழுத்தத்தட்டைச் சுற்றிலும் வைத்த சுருள்விற்கள் தள்ளிக்கொண்டிருக்கும். நடுவிலுள்ள தட்டு பற்சில்லுப் பெட்டிக்குச் செல்லும் தண்டிலே ஏறியிருக்கும். மிதியை அழுத்தினால் மூன்று விரல்கள் உள்நோக்கி நகர்ந்து அழுத்தத்தட்டைப் பின்னே இழுக்கும். சப்பாத்தி விடுதலை பெறும்.

இங்கேதான் கதையின் முக்கியமான கட்டம் வருகின்றது. அவ்விரல்கள் யந்திரத்தோடு சேர்ந்து நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழல்கின்றன. அவற்றைத் தள்ளும் கவையோ சுழலாதது. சுழல்வதும் சுழலாததும் சந்திக்கும் அந்த ஒரே இடத்தில் ஒரு வளையம் நின்று இரண்டுக்கும் சமாதானம் செய்துவைக்கின்றது. அதனை விடுவிப்புப் பெயாரிங் என்பர். பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் இது குண்டுகளுள்ள பெயாரிங் அன்று. கரியும் காரீயமும் சேர்த்து அழுத்திச் செய்த ஒரு வளையமே. எண்ணெய் ஊற்றத் தேவையில்லை, தானே வழுக்கும். ஆயினும் ஒவ்வோர் அழுத்தலிலும் அது சிறிது தேய்கின்றது. மிதியின் மேற் காலை ஓய்வாக வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுபவர் அதனை அறியாமலே அரைத்துக்கொண்டிருக்கின்றார். கரி முழுதும் தேய்ந்தபின் அதைத் தாங்கும் உலோகம் சுழலும் எஃகைத் தொடும். அப்போது எழும் கூச்சலும் சொரசொரப்பும் கிளச்சு விடுக்கும் கடைசி எச்சரிக்கையாகும். தோலில் இருந்த முரட்டுத்தனம் இவ்வாறு வளையத்துக்கு இடம்பெயர்ந்தது.

சுருள்விற்கள் வலியவை, ஆகவே மிதியும் வலிதாயிற்று. மிதியிலிருந்து கவைவரை இரும்புக் கோல்கள் சென்றன. யந்திரத்தை இறப்பர்த் தாங்கிகளின் மேல் வைக்கும் வழக்கம் வந்தபின் இக்கோல்கள் தொல்லை தந்தன. யந்திரம் அசையும்போதெல்லாம் கோலும் அசைந்து கிளச்சை நடுங்கவைத்தது. இதற்கு விடை திரவத்தில் கிடைத்தது. மல்கம் லோகீட் என்ற அமெரிக்கர் 1917 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற திரவத் தடைமுறை, 1921 ஆம் ஆண்டில் டியூசன்பேர்க் வண்டியில் இடம்பெற்றது. பின்னாளில் அதே தத்துவம் கிளச்சுக்கும் வந்தது. 1953 ஆம் ஆண்டில் வெளிவந்த ட்ரயம்ப் டி.ஆர். 2, 1962 ஆம் ஆண்டில் வெளிவந்த எம்.ஜி.பி. ஆகிய ஸ்போர்ட்ஸ் கார்களில் மிதிக்கும் கவைக்கும் இடையே இருந்தது எண்ணெய்க் குழாயே. ஜேர்மனியின் போர்ஷ 911 வண்டியோ 1986 ஆம் ஆண்டு வரை முறுக்குக் கம்பியையே நம்பியிருந்தது. 1987 ஆம் ஆண்டின் வண்டிகளிலேதான் அதற்குத் திரவ முறை வந்தது.

திரவமும் குற்றமற்றதன்று. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அவ்வீரம் உருளையின் உட்சுவரை அரித்துச் சிறு குழிகளை உண்டாக்கும். இறப்பர் வளையம் அக்குழிகளின் மேற் சென்று கிழிபடும். முறுக்குக் கம்பியிலோ இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து உறையின் உட்புறத்தைச் சுரண்டும். கோலின் நடுக்கம் போய்க் குழாயின் அரிப்பும் கம்பியின் சுரண்டலும் வந்தன.

இறுதியாகச் சுருள்விற்களுக்கும் மாற்று வந்தது. ஆழமற்ற கிண்ணம்போல வளைந்த ஒரே எஃகுத் தட்டு, நடுவை நோக்கி விரல்களாகக் கீறப்பட்டு, வில்லாகவும் நெம்புகோலாகவும் தானே வேலை செய்தது. அமெரிக்காவில் 1930 ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியிலேயே இத்தகைய கிளச்சுகள் வந்துவிட்டன. ஐரோப்பிய ஸ்போர்ட்ஸ் கார்களில் இது 1960 ஆம் ஆண்டுகளில் பரவியது. 1965 ஆம் ஆண்டில் வந்த ட்ரயம்ப் டி.ஆர். 4ஏ இதற்கு ஓர் உதாரணம். மிதி இலகுவாயிற்று. ஆயினும் பல மெல்லிய விரல்களின் நுனிகள் பெயாரிங்கில் உரசித் தேய்ந்தால், அத்தேய்வும் காலுக்குத் தெரியவே செய்யும்.

இனி, சொரசொரக்கும் மிதிக்கு வருவோம். நோயறியுமுன் அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவனை எவரும் மெச்சார். கிளச்சு விடயத்தில் அவசர அறுவையின் செலவு பெரிது. எம்.ஜி.பி. வண்டியில் கிளச்சைக் காண்பதற்கு யந்திரத்தை வெளியே தூக்கவேண்டும். ஜாகுவார் ஈ-டைப் வண்டியில் முன்மூடியைக் கழற்றி, யந்திரத்தையும் பற்சில்லுப் பெட்டியையும் சேர்த்தே எடுக்கவேண்டும். டி.ஆர். வண்டிகளில் ஆசனங்களை அகற்றிப் பற்சில்லுப் பெட்டியை வண்டியின் உள்ளே வழியாக வெளிக்கொணரவேண்டும். இவ்வளவும் செய்தபின், பழுது மிதியின் அச்சிலே காய்ந்துபோன ஒரு சிறு புஷ்ஷில் இருந்தது என்று தெரிய வந்தால் அதைவிட வருத்தம் வேறென்ன?

ஆகவே தேர்ந்த மெக்கானிக் முதலில் யந்திரத்தை நிறுத்திவிட்டு மிதியை மெல்ல அழுத்திப் பார்க்கின்றார். சொரசொரப்பு மிதியின் முழு ஓட்டத்திலும் உள்ளதா, அன்றி ஒரு குறித்த புள்ளியில் மட்டும் தோன்றுகின்றதா என்று கவனிக்கின்றார். முதல் நொடியிலேயே, பெயாரிங் விரல்களைத் தொடுமுன்னே தோன்றுமாயின் ஐயம் மிதியின் அச்சு, கம்பி, மேலுருளை ஆகியவற்றின் மேற் செல்லும். பாரம் ஏறத் தொடங்கும் புள்ளியில் தோன்றுமாயின் ஐயம் கவை, பெயாரிங், விரல்கள் என்பவற்றை நோக்கிச் செல்லும்.

அடுத்த சோதனை இரண்டாகப் பிரித்தல். கம்பியுள்ள வண்டியில் கம்பியைக் கவையின் முனையிலே கழற்றிவிட்டு மிதியையும் கம்பியையும் தனியே நகர்த்திப் பார்ப்பர். திரவமுள்ள வண்டியில் கீழுருளையின் தள்ளுகோலைக் கழற்றி, அதன் பிஸ்டன் வெளியே பாய்ந்துவிடாதபடி தடுத்துக்கொண்டு சோதிப்பர். பிரித்தபின்பும் சொரசொரப்பு இருக்குமாயின் பழுது வெளியே உள்ளது, யந்திரத்தைத் தொடவேண்டியதில்லை. பிரித்தபின் மிதி வழுக்கிச் செல்லுமாயின் பழுது கூட்டுக்குள்ளே உள்ளது. கவையைக் கையாற் பிடித்து அசைத்தால் அதன் தண்டு புஷ்ஷுகளில் ஆடுவதையும் காணலாம். தண்டு சாய்ந்தால் பெயாரிங் தான் ஏறி நகரும் குழாயின் மேற் கோணலாக இழுபடும். மிதி படிப்படியாகத் தடக்கிச் செல்லும். டி.ஆர். வண்டிகளில் இத்தண்டின் முனைகளுக்குக் கிறீஸ் இடும் வசதி உண்டு. அதனைப் பல ஆண்டு மறந்தவர்களே இத்தொல்லையை அதிகம் காண்கின்றனர். ஆனால் மறந்ததற்கு ஈடாக அள்ளி அள்ளி இட்டாலும் ஆகாது. கிறீஸ் உராய்வுத் தட்டில் தெறித்தால் வழுக்கலும் நடுக்கமும் வந்து சேரும்.

மூன்றாவதாகக் காது உதவுகின்றது. யந்திரம் ஓடிக்கொண்டிருக்க, பற்சில்லு எதிலும் பொருந்தாதிருக்க, மிதியை இலேசாக அழுத்தியவுடன் ஓர் ஒலி எழுமாயின் விடுவிப்புப் பெயாரிங்கே பேசுகின்றது. மிதி மேலே இருக்கும்போது ஒலித்து, அழுத்தியவுடன் அடங்குமாயின் பேசுவது பற்சில்லுப் பெட்டியின் முன்தண்டுப் பெயாரிங். ஒலியின்றி மிதி மாத்திரம் நாடிபோலத் துடிக்குமாயின், விரல்கள் ஒரே மட்டத்தில் இல்லை என்றோ மூடி வளைந்துள்ளது என்றோ ஐயுறலாம்.

ட்ரயம்ப் வண்டிகளில் இரண்டு எச்சரிக்கைகள் தனியே கூறத்தக்கவை. ஒன்று, கவையைத் தண்டோடு பிணைக்கும் கூர்நுனி ஆணி. சுண்டுவிரலளவேயான இவ்வாணி கூட்டுக்குள்ளே முறிந்துபோவதுண்டு. வெளியே கீழுருளையின் கோல் முழுத் தூரம் நகர்ந்தும் கிளச்சு விடுபடாதிருப்பின் இவ்வாணியின் மேல் ஐயம் கொள்ளவேண்டும். கிளச்சைப் புதுப்பிக்கும் மெக்கானிக்குகள் பலர், தண்டிலும் கவையிலும் இன்னுமொரு துளையிட்டு இரண்டாவது ஆணியொன்றையும் துணைக்கு வைப்பது இதனாலேயே. மற்றது இன்னும் பாரதூரமானது. மிதியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் யந்திரத்தின் வளைதண்டு முன்னோக்கித் தள்ளப்படுகின்றது. அத்தள்ளலைத் தாங்குபவை அரைமதி வடிவான இரண்டு மெல்லிய வளையங்கள். அவை தேய்ந்து கழன்று விழுந்தால் தண்டு யந்திரத்தின் உடலையே அரைத்துவிடும். ஒருவர் மிதியை அழுத்த, மற்றொருவர் யந்திரத்தின் முன்புறக் கப்பியைப் பார்த்திருந்தால் உண்மை வெளிப்படும். கப்பி மயிரிழையளவு அசைவது இயல்பு. கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி முன்னும் பின்னும் நகருமாயின் வண்டியை அன்றே நிறுத்துவது நன்று. சாதாரணமான மிதிக்கோளாறு என்று எண்ணிய ஒன்று யந்திரத்தின் உயிருக்கே உலை வைக்கக்கூடும்.

குற்றங்கள் இடம் மாறிய கதையில் மிகக் கொடிய இடமாற்றம் ஒன்று இன்னும் எஞ்சியுள்ளது. கல்நார் கிளச்சைக் காப்பாற்றியது. ஆனால் அதன் நுண்ணிய நார்கள் அதனைக் கையாண்ட மனிதரின் நுரையீரலிற் சென்று தங்கின. இங்கிலாந்தின் றொச்டேல் நகரத்துக் கல்நார் ஆலையில் வேலை செய்த நெல்லி கேர்ஷோ என்ற பெண் 1924 ஆம் ஆண்டில், முப்பத்துமூன்று வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த வைத்தியர் வில்லியம் குக், கல்நார்த் துகளே மரணத்துக்குக் காரணம் என்று எழுதினார். 1930 ஆம் ஆண்டில் அரசாங்க அறிக்கை ஒன்று ஆலைத் தொழிலாளரிடையே இந்நோய் பரவியிருந்ததை வெளிப்படுத்தியது. அடுத்த ஆண்டிலே பிரித்தானியாவில் ஆலைத் தூசியைக் கட்டுப்படுத்தும் விதிகள் எழுந்தன. ஆயினும் அவ்விதிகள் ஆலையைப் பற்றியவை. தெருவோர மோட்டார்த் திருத்தகத்தில் கிளச்சுக் கூட்டைத் திறந்து, உள்ளேயிருந்த கருந்தூசியைக் காற்றுக்குழாயால் ஊதித் துப்புரவாக்கிய மெக்கானிக்கை அவை எட்டவில்லை. பிரித்தானியாவில் கல்நார் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 1999 ஆம் ஆண்டிலேதான். றொச்டேல் பெண்ணின் மரணத்துக்கும் அத்தடைக்கும் இடையே எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன.

ஆகவே, பழைய ஸ்போர்ட்ஸ் காரின் கிளச்சைத் திறப்பவர் உள்ளே படிந்திருக்கும் தூசியை ஐயத்தோடு நோக்குதல் வேண்டும். அத்தட்டு அவ்வாண்டுகளுக்கு முற்பட்டதாயின் அதில் கல்நார் இருக்கும் என்றே கொள்ளவேண்டும். காற்றால் ஊதலாகாது, உலர்ந்த தூரிகையால் தட்டலாகாது. ஈரத்துணியால் ஒற்றியெடுத்து, தகுந்த முகக்கவசம் அணிந்து, துணியைப் பொதிந்து கட்டி அப்புறப்படுத்துதலே முறை. பழைய பண்டசாலைகளில் கிடக்கும் பழைய தட்டுகளை மலிவு என்று வாங்குவதும் நன்றன்று. கல்நார் கலவாத தட்டுகள் கிடைக்கும்போது அச்சிறு மலிவுக்காக நுரையீரலைப் பணயம் வைக்கவேண்டியதில்லை.

பட்டியின் தளர்ச்சி தோலுக்கும், தோலின் முரட்டுத்தனம் கரிவளையத்துக்கும், கோலின் நடுக்கம் குழாய்க்கும், தட்டின் வெப்பம் மனிதனின் மூச்சுக்கும் இடம் மாறிய வரலாறு இது. எந்தத் திருத்தமும் விலையின்றி வந்ததில்லை. அந்த விலையை யார் கொடுக்கின்றார், எங்கே கொடுக்கின்றார் என்று கேட்பதே பொறியியலின் முதற்கடமை. இடது காலின் கீழே சொரசொரக்கும் ஒரு மிதி இக்கேள்வியைத்தான் நினைவூட்டுகின்றது. அதனைப் பொறுமையோடு செவிமடுப்பவர், கைக்கருவியை எடுக்குமுன்னே பழுதின் இருப்பிடத்தை அறிந்துகொள்வார். தம் வண்டியையும் காப்பார், தம் மூச்சையும் காப்பார்.